செடியிலிருந்து சாரம் எடுக்க எந்தக் கரைப்பான்? வீட்டிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், நுழைந்தாலும் வேலியோரம் ஒரு முருங்கை நிற்கும். தொட்டியில் கற்பூரவள்ளி, பின்பக்கம் மஞ்சளும் லெங்குவாஸ் எனும் அரத்தையும், கம்பியில் படர்ந்த சங்குப்பூ. தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்தபோது நம் ஆட்கள் செடிகளை விட்டுவிட்டு வரவில்லை. இன்று அந்தச் செடிகளை வைத்துச் சோப்பும் தலை எண்ணெயும் முகக் கிரீமும் செய்து பார்க்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பள்ளி மாணவர்களும் அறிவியல் போட்டிக்காக இலையை ஊறவைத்துச் சோதிக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் முதலில் கேட்பது “எதில் ஊறவைக்கலாம்?” என்பதைத்தான்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. அந்தச் செடியில் இருக்கும் எந்தப் பொருள் உங்களுக்கு வேண்டும்? அது கடைசியில் எங்கே போகப்போகிறது: வயிற்றுக்கா, தோலுக்கா, அல்லது ஒரு சோதனைக் குழாயோடு நின்றுவிடுமா? இவை தெளிவானால் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முடிந்துவிடும். தெளியாமல் தொடங்கினால் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு தண்ணீர் கையில் இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கரைப்பான் என்ன செய்கிறது

இலையின் உயிரணுவுக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் அடைந்து கிடக்கின்றன. கரைப்பான் உள்ளே போய், தனக்கு ஒத்துப்போகும் பொருள்களை மட்டும் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீரோடு ஒட்டும் பொருளைத் தண்ணீர் எடுக்கும். எண்ணெயோடு ஒட்டும் பொருளை எண்ணெய் எடுக்கும். நம் சமையலில் இரண்டும் நடக்கின்றன. ரசம் கொதிக்கும்போது புளியின் அமிலத்தைத் தண்ணீர் இழுத்துக்கொள்கிறது. கறிவேப்பிலையின் வாசம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, அதனால்தான் தாளிக்கிறோம்.

தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நெடுங்காலம் ஹெக்சேன், குளோரோஃபார்ம், மெத்தனால் போன்றவற்றையே பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 69 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் எண்ணெயிலிருந்து அதைப் பிரிப்பது எளிது, அதனால் சோயா எண்ணெய் ஆலைகளுக்கு அது பிடித்தமானது. ஆனால் அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்குக் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். மெத்தனால் கண்ணைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும்.

இவற்றுக்கு மாற்றாகப் பாதுகாப்பான கரைப்பான்களைத் தேட வேண்டும் என்பது பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் ஒன்று. வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் அந்தக் கொள்கைகளை வகுத்தார்கள். ஒரு கரைப்பானைப் பசுமையானது என்று சொல்ல நான் நான்கைப் பார்ப்பேன். புதுப்பிக்கக்கூடிய மூலத்திலிருந்து வருகிறதா, அதைக் கையாளும் ஆளுக்குத் தீங்கு குறைவா, பயன்படுத்த எவ்வளவு மின்சாரம் செலவாகும், மிச்சத்தை எங்கே கொட்டுவது. செடியிலிருந்து வந்தது என்ற ஒரே காரணம் போதாது. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் இயற்கையானதுதான், பாலிஸ்டைரீன் பெட்டியையே கரைத்துவிடும். காற்றுபட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமையும் கொடுக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கரைப்பான் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் செடி நஞ்சாக இருந்தால் வருவதும் நஞ்சுதான். அரளி இலையை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தாலே இதயத்தை நிறுத்தும் பொருள் இறங்கிவிடும். அரளி, ஊமத்தை, குன்றிமணி ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். காலங்காலமாகச் சாப்பிட்டுவரும் செடிகளோடு மட்டும் தொடங்குங்கள்.

எங்கே பறிப்பது

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான படி, ஆனால் பொதுவான வழிகாட்டிகளில் இது வருவதில்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவிலும் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் வல்லாரை செழித்து வளரும். பார்த்தால் ஆசையாக இருக்கும். அங்கே பறிக்காதீர்கள். அந்த இடங்களில் களைக்கு மருந்தடிக்கிறார்கள். பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள் என்பது பெரிய நிம்மதி. பல ஆண்டுகள் முதுகில் தொட்டி சுமந்து அந்த மருந்தை அடித்தவர்களில் நம் பெண்கள்தான் அதிகம். ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வல்லாரை தரையோடு தரையாகப் படர்வதால் மருந்து நேராக இலையில் விழும். போதாததற்கு, மண்ணிலும் வாய்க்கால் நீரிலும் உள்ள கன உலோகங்களையும் அது உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் இலையைச் சாறாகச் செறிவாக்கும்போது இவையும் சேர்ந்து செறிவாகக்கூடும்.

அதனால் தொட்டியில் நீங்களே வளர்த்தது அல்லது மருந்தடிக்காத வீட்டுத்தோட்டத்து இலைதான் நல்லது. பாசாரில் கட்டுக்கட்டாக விற்கும் பெகாகாவை, அதாவது வல்லாரையை, வாங்கினால் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

காய வைப்பது

பச்சை இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் உங்கள் அளவையெல்லாம் குழப்பும், எண்ணெயில் போட்டால் கெட்டுப்போக வழி செய்யும், கிளிசரினை நீர்த்துப்போகச் செய்யும். தொடங்குபவர்கள் காய்ந்த இலையோடு வேலை செய்வதே நல்லது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். காலையில் வெயிலைப் பார்த்து விரித்துப் போட்டால் மத்தியானம் மழை கொட்டும். இரண்டு நாள் ஈரத்திலேயே கிடந்த இலையில் பூஞ்சை வந்துவிடும். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நேர் வெயிலும் வேண்டாம், நிறத்தையும் சில நல்ல பொருள்களையும் அது அழிக்கும். இலையை மூன்று நான்கு முறை அலசி, துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஓர் அடுக்காகப் பரப்பி ஈரத்தை வாங்கிய பிறகு, கேக் சுடும் அவனில் 45 டிகிரி அளவில் கதவை லேசாகத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். பழம் உலர்த்தும் சிறு இயந்திரம் இருந்தால் இன்னும் வசதி. கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அப்புறம் ரவை பருமனுக்கு இடித்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது தாள் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

சாமான்கள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் அதுதான் என்பேன். வெப்பமானி, மூடியுள்ள கண்ணாடிச் சாடிகள், பழுப்பு நிறப் புட்டிகள், கோப்பி வடிகட்டும் தாள், அதற்கு முன் முதல் வடிக்குக் கோப்பிக்கடையில் பயன்படுத்துவது போன்ற துணிப்பை. துணிப்பை புதிதாக இருக்கட்டும், அதை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியும் அலுமினியச் சட்டியும் வேண்டாம். இலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். துருப்பிடித்த குழாயில் வரும் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். கடை வாசலில் இருக்கும் தண்ணீர் இயந்திரத்தில் பிடிக்கும் வடிகட்டிய நீர் போதும்.

சூடுபடுத்த நேரடி அடுப்பு தேவையில்லை. சோற்றுப் பானையில், அதாவது மின்சார ரைஸ் குக்கரில், பாதி தண்ணீர் ஊற்றி ‘வார்ம்’ நிலையில் வைத்து, அதற்குள் சாடியை இறக்கிவிடலாம். மாடலுக்கு மாடல் சூடு மாறும், அதனால் வெப்பமானியை நம்புங்கள். அதிகமாக ஏறினால் மூடியைத் திறந்து விட்டாலே இறங்கும்.

முதல் சாறு: சங்குப்பூவும் தண்ணீரும்

தண்ணீரைவிடப் பசுமையான கரைப்பான் கிடையாது. சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகை நிறமி, அது தண்ணீரில் நன்றாகக் கரையும். கிளந்தானில் நாசி கெராபு சோறு நீலமாக இருப்பது இந்தப் பூவால்தான்.

காய்ந்த பூ 1 கிராம், தண்ணீர் 100 கிராம், 60 டிகிரி, அரை மணி நேரம். வடிகட்டுங்கள். மூன்று கண்ணாடிக் குவளைகளில் பிரித்து ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். இன்னொன்றில் சமையல் சோடா போடுங்கள், பச்சைப் பக்கம் போகும். மூன்றாவதை அப்படியே வைத்து ஒப்பிடுங்கள். நிறமி உண்மையிலேயே வெளியே வந்திருக்கிறது என்பதற்கும், அமிலமும் காரமும் அதை எப்படி மாற்றுகின்றன என்பதற்கும் கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டது. இதே பூவை 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நேரமும் சூடும் கூடினால் எப்போதும் நல்லது என்ற எண்ணம் போய்விடும், ஏனென்றால் ஆந்தோசயனின் சூட்டில் சிதையும்.

தண்ணீர்ச் சாற்றின் பலவீனம் ஒன்றுதான்: கெட்டுப்போகும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

எவ்வளவு பொருள் இறங்கியிருக்கிறது என்று அளக்கவும் தண்ணீர்ச் சாறு வசதியானது. ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை எடை போட்டு, அதில் 10 கிராம் சாறு ஊற்றி, அவனில் 105 டிகிரியில் முழுக்க வற்றவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். கூடியிருக்கும் எடைதான் கரைந்து வந்த திடப்பொருள். இந்த எண்ணைக் குறித்து வைப்பவர்கள்தான் அடுத்த முறை முன்னேற முடியும்.

இரண்டாவது சாறு: வல்லாரையும் கிளிசரினும்

நம் ஊருக்கு மிகப் பொருத்தமான கரைப்பான் கிளிசரின் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது: செம்பனை எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலமும் சோப்பும் பயோடீசலும் தயாரிக்கும்போது உடன் கிடைப்பது கிளிசரின். மலேசியா அதை உலகத்துக்கே அனுப்புகிறது. நாம் பார்த்து வளர்ந்த அந்தச் செம்பனைக் குலையிலிருந்து வருவது, தீப்பிடிக்கும் அபாயம் மிகக் குறைவு, தோலுக்கு ஏற்றது, உணவுத் தரத்திலும் கிடைக்கிறது. கேக் சாமான் விற்கும் கடையிலும் மருந்தகத்திலும் கேளுங்கள். தாவர மூலத்திலிருந்து வந்தது என்று புட்டியில் போட்டிருக்கிறதா, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நாளை உங்கள் பொருளை அடுத்த வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

வல்லாரையில் நாம் தேடுவது ஏசியாட்டிகோசைடு, மடக்கசோசைடு என்ற, சோப்பைப்போல் நுரைக்கும் சபோனின் வகைப் பொருள்கள். தோல் பராமரிப்புப் பொருள்களில் வல்லாரை சேர்வது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். இவை எண்ணெயில் போகாது. தண்ணீரும் கிளிசரினும் கலந்தால் போகும்.

ஏன் கலக்க வேண்டும், தனிக் கிளிசரின் போதாதா? போதாது. 20 டிகிரியில் தனிக் கிளிசரின் தண்ணீரைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு கெட்டியாக ஓடும். அது இலைக்குள் நுழையவே தயங்கும். 40 விழுக்காடு தண்ணீர் சேர்த்தால் அந்தக் கெட்டித்தன்மை தண்ணீரைப்போல் 11 மடங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடும், சூடாக்கினால் இன்னும் குறையும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் கிருமிக்கு இடம் கொடுத்ததாகிவிடும். 60க்கு 40 என்பது இரண்டுக்கும் நடுவான கணக்கு. அந்தச் செறிவில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது. சில பூஞ்சைகள் தாக்குப்பிடிக்கலாம், அதற்குத்தான் குளிர்பெட்டி.

செய்முறை இப்படி. சாடியையும் புட்டியையும் கொதிநீரில் கழுவி முழுக்கக் காயவையுங்கள். கிளிசரின் 120 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 80 கிராம் இரண்டையும் சாடியில் கலக்குங்கள். அளவை எடையில்தான் எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் கிளிசரினின் எடை 126 கிராம், குவளையால் அளந்தால் கணக்கு தப்பும். இடித்த காய்ந்த வல்லாரை 20 கிராம் போட்டுக் கிளறி, மூடியோடு மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளே 55லிருந்து 60 டிகிரி இருக்கும்படி இரண்டு மணி நேரம். கால் மணிக்கு ஒரு தடவை கிளறுங்கள். மூடியை இறுக்கித் திருகாதீர்கள், உள்ளே காற்று விரியும்.

இறக்கிய பிறகு சாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து மறுபடியும் எடை பாருங்கள். குறைந்த அளவு ஆவியாகிப்போன தண்ணீர். அதே அளவு தண்ணீரைச் சேர்த்துவிடுங்கள். சூடு இருக்கும்போதே துணிப்பையில் ஊற்றி நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். காய்ந்த இலை கரைப்பானைக் கணிசமாகக் குடித்து வைத்திருக்கும், பிழியாவிட்டால் உங்கள் உழைப்பில் பெரும் பங்கு சக்கையோடு போய்விடும். அப்புறம் கோப்பித் தாளில் மெதுவாக வடியவிடுங்கள். இரவு முழுக்கக்கூட ஆகலாம், குளிர்பெட்டிக்குள் வைத்தே வடியவிடலாம்.

சபோனின் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. சாறு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, சின்னப் புட்டியில் போட்டுக் கால் நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பக்கத்தில் இலை போடாத கிளிசரின் நீரையும் அதேபோல் நீர்த்துக் குலுக்குங்கள். இலைச்சாற்றில் மட்டும் நுரை பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் நல்ல அறிகுறி. எவ்வளவு இருக்கிறது என்று இந்தச் சோதனை சொல்லாது, இருக்கக்கூடும் என்று மட்டும் காட்டும். திடப்பொருளை வற்றவைத்து எடை போடும் முறை இங்கே பலிக்காது, ஏனென்றால் கிளிசரின் 290 டிகிரி வரை கொதிக்காமல் கிண்ணத்திலேயே இருக்கும்.

முருங்கை இலைக்கும் வெற்றிலைக்கும் இதே அளவில் தொடங்கலாம். துவர்ப்புள்ள இலை என்றால், உதாரணமாகக் கொய்யா இலை, இன்னொரு சோதனையும் செய்யலாம். இரும்பு ஆணியை வினிகரில் சில நாள் ஊறவைத்து, அந்த வினிகரில் ஒரு சொட்டை எடுத்துச் சாற்றில் விடுங்கள். சாறு கறுத்தால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. சோதித்த சாற்றைக் கொட்டிவிட வேண்டும், திரும்பப் புட்டியில் சேர்க்கக்கூடாது.

மூன்றாவது: மஞ்சள், ஒரே செடிக்கு மூன்று கரைப்பான்

கரைப்பான் தேர்வு எவ்வளவு முக்கியம் என்று மஞ்சளைப்போல் வேறு எதுவும் காட்டாது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். தண்ணீரில் மஞ்சள் கலக்கும்போது தெரிவது மிதக்கும் தூள். தாளில் பொறுமையாக வடித்தால் கீழே வெளிறிய நீர்தான் வரும்.

எண்ணெய்க்கு வாருங்கள். மஞ்சள் தூள் 10 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், அதே ரைஸ் குக்கரில் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம். சாடியில் ஒரு சொட்டு நீர்கூட இருக்கக்கூடாது. வடித்தால் பொன் நிற எண்ணெய் வரும், வாசமும் இறங்கியிருக்கும். மஞ்சளின் வாசப் பொருள்கள் எண்ணெய்க்கு மிக நெருக்கமானவை. நம் வைத்திய முறையில் தைலம் காய்ச்சுவதற்கு அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, நீர் 16 பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. நீரில் கரைவதையும் எண்ணெயில் கரைவதையும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கவைத்து, நீர் முழுக்க வற்றும் வரை காய்ச்சும் முறை அது. வற்ற வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. எண்ணெயில் ஈரம் மிஞ்சினால் கெடும். பச்சைப் பூண்டையோ பச்சை இலையையோ எண்ணெயில் போட்டு அறைச் சூட்டில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலிசக் கிருமி அங்கே நஞ்சை உண்டாக்கலாம். மணமோ நிறமோ மாறாமலே அந்த நஞ்சு இருக்கக்கூடும்.

மூன்றாவது கரைப்பான் சற்றுப் புதியது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு திடப்பொருள்களைச் சரியான விகிதத்தில் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து திரவமாகிவிடும். 2003இல் ஆண்ட்ரூ அப்போட் குழுவினர் யூரியாவையும் கோலின் குளோரைடையும் இப்படிச் சேர்த்துக் காட்டினார்கள். ஒன்று நம் தோட்டத்து உரமூட்டையில் இருப்பது, மற்றது கோழித் தீவனத்தில் சேர்ப்பது. யூரியா தனியாக 133 டிகிரியில் உருகும், கோலின் குளோரைடு 302 டிகிரியில். சேர்ந்த கலவையோ 12 டிகிரியிலேயே திரவம். பின்னர் 2011இல் சர்க்கரை, எலுமிச்சை அமிலம் போன்று செடிக்குள்ளேயே இருக்கும் பொருள்களைக் கொண்டும் இதைச் செய்யலாம் என்று நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் இவற்றை ‘நேடஸ்’ என்பார்கள்.

வீட்டில் செய்ய ஏற்றது சிட்ரிக் அமிலமும் குளுக்கோஸும். சிட்ரிக் அமிலம் 19 கிராம், குளுக்கோஸ் தூள் 18 கிராம், தண்ணீர் 7 கிராம். 50லிருந்து 60 டிகிரியில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தெளிந்த பாகாக மாறும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டாதீர்கள், சர்க்கரை கருகும். தெளிந்த பிறகு 2 கிராம் மஞ்சள் தூளைப் போட்டு 50 டிகிரியில் அரை மணி நேரம் கிளறி, துணியில் வடியுங்கள். பாகு கெட்டியாக இருப்பதால் வடிவதற்கு நேரம் எடுக்கும்.

இப்போது மூன்றையும் ஒப்பிடுங்கள். வெள்ளைத் தாளில் தண்ணீர்ச் சாறு ஒரு சொட்டு, எண்ணெய் ஒரு சொட்டு, பாகு ஒரு சொட்டு. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு நீரைக் குச்சியால் தொட்டுத் தேய்த்துக் கலக்குங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வினைதான். பாகு புளிப்பாக இருப்பதால் அதற்குச் சுண்ணாம்பு நீர் கூடுதலாகத் தேவைப்படும். சிவப்பு அழுத்தமாக இருக்கும் இடத்தில் குர்குமின் அதிகம்.

பாகுக் கரைப்பானின் தொல்லை, அது ஆவியாகாது, அதனால் உள்ளே கரைந்ததைத் தனியே பிரிப்பது கடினம். குர்குமினுக்கு ஒரு வழி இருக்கிறது. பாகில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் குர்குமினால் கரைந்திருக்க முடியாது, மெல்ல அடியில் படியும். அதை வடித்து எடுக்கலாம். இந்தப் பாகைத் தோலில் அப்படியே பூசாதீர்கள், அமிலம் மிக அதிகம்.

எத்தனால் பற்றி

நூல்களிலும் காணொளிகளிலும் எத்தனால்தான் அதிகம் வரும். நியாயம்தான், கரும்பிலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ வருவது, மஞ்சளுக்கும் முருங்கைக்கும் அருமையாக வேலை செய்யும், 78 டிகிரியில் ஆவியாகித் தனியே போய்விடும். ஆனாலும் வீட்டில் தொடங்குபவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

தூய எத்தனாலின் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊர் அறைச் சூடு 30 டிகிரி. அடுப்படியில் எரிவாயு அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் இருக்கின்றன. அடுத்தது, கடையில் ‘ஸ்பிரிட்’ என்றும் ‘ஆல்கஹால்’ என்றும் விற்பதெல்லாம் எத்தனால் இல்லை. ஐசோபுரொப்பைல் இருக்கும், மெத்தனால் கலந்தது இருக்கும், குடிக்க முடியாதபடி வேறு ஏதாவது சேர்த்தது இருக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் உயிரிழந்தது நினைவிருக்கலாம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த தொழிலாளிகள். வீட்டில் சாராயம் காய்ச்சி எடுத்துக்கொள்ளலாம் என்றும் யாராவது சொல்வார்கள். உரிமமில்லாமல் காய்ச்சுவது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம்.

மாணவர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, தீயில்லாத நீர்த்தொட்டியில் வைத்துச் செய்யலாம். அங்கேயும் 70 விழுக்காட்டு எத்தனால் போதும். உயிரணுச் சுவரை ஊறவைக்க அந்த 30 விழுக்காட்டுத் தண்ணீர் உதவுகிறது.

இன்னும் வேகமாக எடுக்க

கண்ணாடியும் நகையும் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி இணையக் கடைகளில் கிடைக்கிறது. அது பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் அதிரும். அந்த அதிர்வில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து இலையின் சுவரைச் சிதைக்கின்றன, அதனால் இரண்டு மணி நேர வேலை பல இலைகளுக்கு அரை மணிக்குள் முடியலாம். தண்ணீர், கிளிசரின் கலவைக்கு மட்டும் பயன்படுத்துங்கள், தீப்பற்றும் எதையும் அதில் வைக்காதீர்கள். மைக்ரோவேவில் மூடிய சாடி வெடிக்கும்.

மீயுய்யக் கார்பன் டை ஆக்சைடு என்று படித்திருப்பீர்கள். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அந்த வாயு திரவம்போல் கரைக்கும், அழுத்தத்தை விட்டால் மிச்சமில்லாமல் பறந்துவிடும். காபிக் கொட்டையிலிருந்து காஃபினை இப்படி எடுக்கிறார்கள். அது பெரிய எஃகு இயந்திரங்களின் வேலை. வீட்டுப் பிரஷர் குக்கர் தாங்குவது அதில் ஒரு துளிகூட இல்லை. இதில் ஆர்வம் உள்ள மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பக்கம் போகலாம். கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையமும் பாங்கியில் உள்ள மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் தாவரச் சாரங்களில் நெடுங்காலமாக ஆராய்ச்சி செய்துவருகின்றன. செம்பனை ஆலையின் கழிவு நீரிலிருந்தே நீரில் கரையும் ஃபீனாலிக் பொருள்களை வாரியம் பிரித்தெடுத்திருக்கிறது. எந்தக் கரைப்பானும் சேர்க்காமல், ஆலையில் ஏற்கெனவே ஓடும் தண்ணீரே கரைத்து வைத்திருந்ததை எடுத்தார்கள்.

புட்டியில் ஒட்ட வேண்டியது, விற்பதற்கு முன் தெரிய வேண்டியது

ஒவ்வொரு புட்டியிலும் செடியின் பெயர், பறித்த இடம், காய்ந்த இலையின் எடை, கரைப்பானின் எடை, சூடு, நேரம், தேதி எழுதி ஒட்டுங்கள். கிளிசரின் சாற்றையும் எண்ணெயையும் குளிர்பெட்டியில் வைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மேலே படலம், புளித்த வாசம், புதிதாகக் கலங்கல் தெரிந்தால் முழுதாகக் கொட்டிவிடுங்கள். தோலில் பூசுவதென்றால் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான். கர்ப்பிணிகளும், இனிப்புநீருக்கோ ரத்தத்தை இளக்கவோ மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

பாசார் மாலாமில் மேசை போட்டு விற்க ஆசை வரும்போது சட்டம் வந்து நிற்கும். தோலில் பூசும் அழகுப் பொருள் என்றால் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்றால் அது பாரம்பரிய மருந்தாகிவிடும், ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். இரண்டுமே 1984ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் கீழ் வருபவை. இனிப்புநீர், புற்றுநோய், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டிலிருந்தே இன்னொரு சட்டம் தடுக்கிறது. முகநூலில் எழுதினாலும் அது விளம்பரம்தான். இதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். முதலில் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்து கையைப் பழக்குங்கள், எழுதி வைத்த குறிப்புகள் சேரட்டும். அறிவிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் பொருளில் என்ன, எவ்வளவு சேர்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் குறிப்புப் புத்தகம் அப்போது கையில் இருக்க வேண்டும்.

மிஞ்சிய சக்கையில் தண்ணீரிலும் கிளிசரினிலும் ஊறியது நேராக உரக்குழிக்குப் போகலாம். எண்ணெய்ச் சக்கையைக் கழுவு தொட்டியில் கொட்டாமல் பழைய செய்தித்தாளில் பொதிந்து குப்பையில் போடுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். சிட்ரிக் பாகைச் செடிக்கு ஊற்றுவதாக இருந்தால் முதலில் சமையல் சோடா போட்டு, பொங்குவது அடங்கும் வரை காத்திருந்து, நிறையத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.